வேட்டைப் பக்கங்களில் ஒரு கையறுநிலை

அரபு இலக்கியத்தில் வேட்டைக்கெனத் தனித்துறை ஒன்று உண்டு. ‘தர்திய்யா’ என்பது அதன் பெயர். அப்பாஸியர் காலத்துக் கவிஞர் அபூ நுவாஸ் ரஜஸ் யாப்பில் இயற்றிய வேட்டைப் பாக்களே அத்துறையின் சிகரம் என்பது அறிஞர் கருத்து. இருள் பிரியுமுன் புறப்பாடு, நாயின் அங்க வருணனை, பாய்ச்சல், பிடி என்று அவை ஓர் ஒழுங்கில் நடைபோடும். ஜாஹிழ் தம் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் நூலில் அவற்றை எடுத்துக்காட்டி, நாய்களைக் குறித்து அக்கவிஞருக்கு இருந்த நுண்ணறிவைப் பாராட்டுகிறார்.

பாராட்டு பொருத்தமானதே. எனினும் அப்பாக்களில் வரும் நாய் பெரும்பாலும் பிழை செய்யாத நாய். மன்னனுக்குச் சூட்டும் புகழ்மாலையை நாயின் கழுத்தில் சூட்டியது போன்ற தோற்றமே எஞ்சுகிறது. வேட்டையை வாழ்வாகக் கண்டு எழுதிய ஒருவரைத் தேடினால், நாம் சென்று சேருமிடம் உஸாமா இப்னு முன்கித் அவர்களின் ‘கிதாபுல் இஃதிபார்’, அதாவது ‘படிப்பினை நூல்’.

உஸாமா 1095-இல் ஷாம் நாட்டில், ஆஸி நதிக்கரைக் கோட்டையான ஷைஸரில் பிறந்தவர். 1188-இல் திமிஷ்கில் மறைந்தவர். சிலுவைப்போர்க் காலத்தை நேரிற் கண்ட சாட்சி என்பதால் வரலாற்றாசிரியர் அவரைப் போற்றுவர். ஆனால் அவர்கள் கண் போர்ச் செய்திகளிலேயே தங்கிவிடுகிறது. நூலின் இறுதியில் அமைந்த வேட்டைப் பகுதியை ஒரு வாலாகவே கருதிக் கடந்துவிடுவோர் பலர். ‘படிப்பினை நூலில் பொழுதுபோக்குக்கு என்ன வேலை?’ என்பது அவர்தம் வினா. அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அப்பகுதியின் உண்மைத்தன்மையைக் காண்போம். ஷைஸரில் வேட்டைக் களங்கள் இரண்டு. மலைப்புறத்தில் கௌதாரியும் முயலும். ஆற்றோர நாணற்காட்டில் நீர்ப்பறவையும் காட்டுக் கௌதாரியும் முயலும் மானும். கண்ணால் கண்டு விரட்டும் ஸலூக்கி நாய் ஓட்டத்திற்குரியது. பறவை வேட்டைக்கு அது போதாது. அதற்கென ரோமாபுரியாரின் நாட்டிலிருந்து வந்த ‘ஸகாரீ’ இன நாய்கள் இருந்தன. பறவையைத் தேடுவது இவற்றின் பிறவிக் குணம் என்கிறார் உஸாமா. புதரில் பதுங்கிய பறவையை நாய் எழுப்பும். எழுந்ததை ராஜாளி அடிக்கும். அல்-யஹ்ஷூர் என்ற ராஜாளி நெடுங்காலம் அவ்வீட்டில் குடும்பத்தில் ஒருவர் போலவே வாழ்ந்தது. நாயும் பறவையும் சில வேளை வெல்லும், சில வேளை தவறும். தவறியதையும் மறைக்காது எழுதுவதே இவ்வுரைநடையின் அழகு.

இனி, நம் இல்லங்களில் எழக்கூடிய ஐயம் ஒன்றுண்டு. நாய் தீண்டியது நமக்கு ஆகுமா என்பதே அது. திருமறையின் ‘அல்மாயிதா’ அத்தியாயம் பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை ஆகுமாக்கியிருக்கிறது. அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த விளக்கம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவவேண்டும். பிடித்ததை நாய் தின்றுவிட்டால் அது தனக்கெனப் பிடித்ததாகும், உண்ணலாகாது. வேறொரு நாய் கலந்து, எது கொன்றது என்று தெரியாவிட்டாலும் உண்ணலாகாது. பிராணி உயிரோடு கையில் கிடைத்தால் அறுத்தே ஆகவேண்டும். நாயின் பல் பட்ட இடத்தை ஏழுமுறை, ஒருமுறை மண் கலந்து, கழுவவேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்று. தனக்கென்று பிடித்ததற்கும் எசமானுக்கென்று பிடித்ததற்கும் இடையே கோடு கிழிக்கும் இச்சட்டம், பசியுள்ள விலங்கிடம்கூட அமானிதத்தை எதிர்பார்க்கிறது! உஸாமாவின் நாய்களைப் படிப்பவர் இந்நினைவோடு படித்தால் சுவை மிகும்.

களத்திலிருந்து அடுக்களைக்கு வருவோம். 1226-இல் முஹம்மது இப்னுல் ஹஸன் அல்-பக்தாதி எழுதிய ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூல், இறைச்சியின் இரத்தம் போக வெந்நீரும் உப்பும் கொண்டு கழுவுக என்றும், கொதிக்கையில் மேலெழும் நுரையை அகற்றுக என்றும் கூறுகிறது. கற்சட்டி சிறந்தது, அடுத்தது மண்சட்டி என்று பாத்திரத்தையும் தரம் பிரிக்கிறது. சட்டநூல் கேட்கும் தூய்மையையே சமையல்நூல் சுவைக்காகக் கேட்பது நோக்கத்தக்கது. உஸாமாவிடம் நாம் காணும் குறையும் இங்கேதான். பறவை வீழ்ந்ததோடு அவர் ஆர்வம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அதை உரித்த கையையும் சமைத்த பெண்டிரையும் அவர் பேனா அதிகம் நாடவில்லை.

இனி மூல வினாவுக்கு வருவோம். ஜாஹிழ் ஒரு நுட்பம் கூறியுள்ளார்: இரங்கற் பாவில் நாய்கள் காட்டெருதைக் கொன்றுவிடும், புகழ்ப் பாவில் நாய்களே மடியும். அதாவது, வேட்டையின் முடிவைக் கவிஞனின் துயரமோ மகிழ்ச்சியோ தீர்மானிக்கிறது. இவ்வளவுகோலை உஸாமாவுக்குப் பொருத்துவோம். அவர் தந்தை முர்ஷித் ஆட்சியைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, வேட்டையிலும் திருமறையைப் பிரதியெடுப்பதிலும் காலம் கழித்தவர். தம் கையால் நாற்பதுக்கும் மேற்பட்ட பிரதிகள் எழுதியவர். 1157-இல் நிலநடுக்கம் ஷைஸரைத் தகர்த்தது. அங்கிருந்த உறவினர் மடிந்தனர். வெளியூரிலிருந்த உஸாமா உயிர் பிழைத்தார். பின்னர்த் தொண்ணூறை எட்டிய முதுமையில், ஈட்டி ஏந்திய கை எழுதுகோலைத் தாங்கவும் நடுங்குகிறதே என்று வியந்தவர், தந்தையின் நாய்களையும் ராஜாளிகளையும் ஒவ்வொன்றாக நினைவுகூர்கிறார். கோட்டை இல்லை, மக்கள் இல்லை, நாணற்காட்டில் எழுந்த ஒரு கௌதாரி மட்டும் நினைவில் பறக்கிறது. இதனைப் பொழுதுபோக்கு என்பது எங்ஙனம்? ஒப்பாரியின் ஒரு சொல்லும் இல்லாத கையறுநிலை இது. படிப்பினை நூலின் முடிவில் இது நிற்பதே முறை.

நம் உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணைநின்ற படல’த்தை அமைத்தார். அங்கே வேட்டை, வேட்டையாடப்பட்ட உயிரின் பக்கமிருந்து பேசப்படுகிறது. உஸாமா வேடன் பக்கமிருந்து பேசுகிறார். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே நிறைவு. காட்டுப் பறவைகளை வேட்டையாடுவதை நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, தடுப்பது நன்றே. ஆனால் இலக்கியத்தில் உள்ள வேட்டையை நாய் வருகிறதென்று நம் பிள்ளைகளிடமிருந்து ஒதுக்கிவைத்தல் தகாது. அவ்வாறு ஒதுக்கினால், ஒரு மகன் தன் தந்தைக்காக எழுதிய உயர்ந்த நினைவுரை ஒன்றையும் அவர்கள் இழந்துவிடுவர்.