தொடர் விளையாட்டுக்களில் வரலாறும் கதைச் சிக்கலும்

வரலாற்றைக் களமாகக் கொண்டு தொடர்ந்து வெளிவரும் வீடியோ விளையாட்டுக்களும் கதை கூறுவன ஆதலின் திறனாய்வுக்கு உரியனவே. 2007-இல் தொடங்கிய 'அசாசின்ஸ் கிரீட்' வரிசை இதற்குத் தக்க சான்றாகும். அதன் முதற்பகுதி 1191-ஆம் ஆண்டின் சிலுவைப் போரையும், 2009-இல் வந்த இரண்டாம் பகுதி மறுமலர்ச்சிக் கால இத்தாலியையும், 2016-இல் வந்த கிளைப்படைப்பொன்று 1841-ஆம் ஆண்டின் சீக்கியப் பேரரசையும் களமாகக் கொண்டன. தெருவும் கோபுரமும் கண்முன் நிற்குமாறு புனைந்தமை போற்றத்தக்கது.

ஆயின், இக்காலத்தான் ஒருவன் பொறியொன்றின் வழியே முன்னோர் நினைவினுள் புகுகின்றான் என்னும் புறக்கதை, பகுதிதோறும் முடிச்சின்மேல் முடிச்சாய் வளர்ந்தது. 2012-ஆம் ஆண்டுப் பகுதியில் அவன் மாண்ட பின்னும் அது முடிந்திலது. முன்னவற்றை அறியாதார்க்குப் பின்னவற்றின் புறக்கதை விளங்குதல் அரிது.

கதை பல கூறாய்ச் சிதறிக் கிடத்தல் குற்றமன்று. கொல்லிமலைத் தலைவன் ஓரியின் வரலாறும் அவ்வாறே கிடக்கின்றது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஓர் அம்பு துளைத்ததை வன்பரணர் பாடினார் (புறம். 152). காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு ஈந்ததைக் கல்லாடனார் குறித்தார் (அகம். 209). ஒன்றை அறியாதாரும் மற்றொன்றைத் துய்க்கலாம். இரண்டும் அறிந்தார்க்கு இன்பம் மிகும்.

திண்ணனூர் நாடு முதலிய கொல்லிமலை நாடுகளின் இளையோர்க்கு ஓரியை விளையாட்டு வழிக் காட்ட முனைவோர், களப்புனைவை அவ்வரிசையினின்றும் கதையமைப்பைச் சங்கப் பாட்டினின்றும் கொள்வாராக. இன்றேல் தம் மலையின் வரலாறே அவர்க்கு விளங்காப் புதிராய் முடியும்.