ஒரு ஸ்டிக்கரும் மூன்று ஆட்களும்

வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதே ஃபாஸ்டேக், அதற்குள் எவ்வளவு பணம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பைசாகூட இல்லை. பேட்டரியும் கிடையாது. பொட்டு மாதிரி ஒரு சில்லு, அதைச் சுற்றி மெல்லிய ஆன்டெனா, ஒரு நம்பர். அவ்வளவுதான்.

டோல்கேட்டில் தலைக்கு மேலே தொங்கும் கருவி ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலையின் சக்தியிலேயே சில்லு விழித்துக்கொண்டு, தன் நம்பரைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறது. டோல்கேட் கம்ப்யூட்டர் அதைத் தன் வங்கியிடம் சொல்ல, அந்த வங்கி என்.பி.சி.ஐ.யிடம் சொல்ல, என்.பி.சி.ஐ. உங்கள் வங்கியிடம் கேட்க, உங்கள் கணக்கில் பணம் கழிந்து, செல்போனில் 'டிங்'. பி.காம். படித்தவனுக்கு இதைப் பார்க்கப் பரவசமாகத்தான் இருக்கும். பற்று ஓரிடம், வரவு ஓரிடம், ரசீது மூன்றாவது இடம். நடுவில் ரூபாய் நோட்டு என்ற வஸ்துவே இல்லை.

2014-ல் மும்பை - அகமதாபாத் சாலையில் சோதனையாக ஆரம்பித்தார்கள். 2017 டிசம்பர் 1 முதல் விற்கும் புது நான்கு சக்கர வண்டிகளில் டேக் ஒட்டித்தான் தர வேண்டும் என்றார்கள். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டுகளில் எல்லா லேனும் ஃபாஸ்டேக் லேன் ஆகிவிட்டது. சில்லறைச் சண்டை போயிற்று. ஐந்து ரூபாய்க்குப் பதில் சாக்லெட் கொடுக்கும் வழக்கம் போயிற்று. லாரி ஓனர்களுக்கு இன்னொரு உபரி லாபம். "வண்டி வைகுந்தம் தாண்டிருச்சு" என்று வீட்டில் காபி குடித்துக்கொண்டே சொல்கிறார்கள். எஸ்.எம்.எஸ். வந்துவிட்டதே. காசில்லாமல் ஒரு ஜி.பி.எஸ்!

நல்லதைச் சொல்லியாயிற்று. இனி குறை.

இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர்கள் மனசில் ஒரு ஆசாமி இருந்திருக்கிறார். அவர் கார் வைத்திருக்கிறார். காரை அவரே ஓட்டுகிறார். வங்கிக் கணக்கு அவர் பெயரில். அந்தக் கணக்கோடு இணைந்த செல்போன் அவர் சட்டைப் பையில். டோல்கேட்டில் ஏதாவது தகராறு என்றால் போனை எடுத்துத் தட்டுவார், பணம் போடுவார், போய்விடுவார். பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, பொங்கலுக்குச் சேலம் வரும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கச்சிதமாகப் பொருந்தும்.

இப்போது அதே ஸ்டிக்கரை ஒரு நாமக்கல் லாரியின் கண்ணாடியில் ஒட்டுங்கள். ஓனர் நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ இருக்கிறார். டிரைவர் நாக்பூரைத் தாண்டிக்கொண்டிருக்கிறார். டேக்கோடு இணைந்த செல்போன் நம்பர் ஓனருடையது. சில வீடுகளில் கல்லூரியில் படிக்கும் ஓனர் மகனுடையது, சில இடங்களில் வண்டி வாங்கிய நாளில் உதவி செய்த புக்கிங் ஆபீஸ் பையனுடையது. ஆக மொத்தம், வண்டியை ஓட்டுபவர் ஒருவர், பணம் வைத்திருப்பவர் ஒருவர், போன் வைத்திருப்பவர் ஒருவர். ஒருவருக்காகத் தைத்த சட்டைக்குள் மூன்று பேர்.

இது ஏதோ ஓரமான பிரச்னை என்று நினைக்காதீர்கள். சேலம் - நாமக்கல் சமவெளி இந்தியாவின் லாரிக் கொட்டகை. லாரிக்கு பாடி கட்டுவது, எரிவாயு டேங்கர் ஓட்டுவது, கேரளாவுக்கு முட்டை ஏற்றுவது, திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியை வட மாநிலங்களுக்கு அனுப்புவது எல்லாம் இங்கேதான். ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் 44-ம் எண் நெடுஞ்சாலை ஊருக்குப் பக்கத்திலேயே போகிறது. ஓமலூரில் ஒரு டோல், ராசம்பாளையத்தில் ஒரு டோல் என்று ஆரம்பித்து வடக்கே போகப் போக எண்ணிக் களைத்துவிடுவீர்கள்.

டேக் வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்? பல மாநிலங்கள் தள்ளி, மொழி தெரியாத ஊரில், நடுராத்திரி ஒரு போன்.

"ஏனுங்க, டேக் எடுக்க மாட்டேங்குதுங்க. பிளாக்லிஸ்ட்டுங்கறாங்க. டபுள் கட்டச் சொல்றாங்க."

"நேத்துத்தானப்பா பணம் போட்டேன்! மெசேஜ் வந்துச்சே!"

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பின்னால் நாற்பது வண்டி ஹாரன் அடிக்கிறது. டிரைவர் வழிச்செலவுப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டுகிறார். ஊர் திரும்பியதும் டிரிப் கணக்கு பார்க்கும்போது அந்தத் தொகை யார் தலையில் விழும்? நல்ல ஓனர் என்றால் ஏற்றுக்கொள்வார். எல்லா ஓனரும் நல்ல ஓனர் என்று எந்தக் கெஜட்டிலும் அறிவிக்கவில்லை.

அபராதக் கணக்கைப் பாருங்கள். 2025 நவம்பர் 15-ல் அமலுக்கு வந்த விதியில், செல்லுபடியாகும் டேக் இல்லாமல் வந்தால் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று வைத்தார்கள். கட்டணம் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போனில் ஸ்கேன் செய்தால் 375. ரொக்கமாகக் கொடுத்தால் 600. ஒரே குற்றத்துக்கு ஒருவருக்கு 75 ரூபாய் அபராதம், இன்னொருவருக்கு 300. ஸ்மார்ட்போனும் கணக்கில் காசும் உள்ளவருக்குச் சலுகை. பட்டன் போனும் மடித்த நோட்டும் வைத்திருப்பவருக்குத் தண்டனை. டிஜிட்டல் பழக்கத்தை வளர்க்கிறார்களாம். யாருடைய செலவில் என்பதுதான் கேள்வி.

இன்னும் உண்டு. 2021 பிப்ரவரியில் கார், ஜீப், வேன்களுக்கு மட்டும் குறைந்தபட்ச இருப்பு வேண்டாம் என்று தளர்த்தினார்கள். லாரிக்கு அது இல்லை. 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு 200 பயணம் என்று வருடாந்தர பாஸ் கொண்டுவந்தார்கள். அதுவும் சொந்த உபயோகக் கார் வகைகளுக்கு மட்டும். சாலையில் வருஷம் முழுக்க இருப்பவர் லாரிக்காரர். சலுகை எல்லாம் பொங்கலுக்கு வருகிறவருக்கு.

யோசிக்கவே தெரியாதவர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. புது வண்டியில் டேக் ஒட்டித் தர வேண்டும் என்ற அந்த 2017 உத்தரவிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. முன் கண்ணாடி இல்லாமல் வெறும் சேஸிஸாக விற்கும் வண்டி என்றால், பதிவு செய்வதற்குமுன் ஓனர் ஒட்டிக்கொள்ளலாம். சேஸிஸ் வாங்கி பட்டறையில் விட்டு கேபினும் பாடியும் கட்டும் நாமக்கல் வழக்கத்துக்கு அளவெடுத்த மாதிரி ஒரு வாக்கியம். கண்ணாடி இல்லாத வண்டியைப் பற்றி யோசித்தவர்களுக்கு, போன் இல்லாத டிரைவரைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

விளக்கம் சொல்லும் லட்சணத்தையும் பாருங்கள். 2025 ஜனவரியில் என்.பி.சி.ஐ. ஒரு சுற்றறிக்கை விட்டது. டோலைத் தொடுவதற்கு 60 நிமிஷத்துக்கு மேலாக டேக் பிளாக்லிஸ்ட்டில் இருந்து, தொட்ட பிறகு 10 நிமிஷம் வரைக்கும் அப்படியே இருந்தால் பரிவர்த்தனை நிராகரிக்கப்படும் என்று. நாடே பதறியது. உடனே நெடுஞ்சாலை ஆணையம், 'இது வங்கிகளுக்குள் தகராறு தீர்க்கும் விதி. தேசிய நெடுஞ்சாலை டோல்களில் டேக்கின் நிலவரம் உடனுக்குடன் தெரியும். தாண்டுவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் பணம் போடலாம். சில மாநில நெடுஞ்சாலை டோல்களில்தான் பழைய முறை' என்றது. சரி, ராத்திரி இரண்டு மணிக்கு எதிரே தெரியும் டோல் தேசியமா மாநிலமா என்று டிரைவர் எந்த போர்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

திட்டிக்கொண்டே இருந்தால் வண்டி நகராது. நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில், பணம் போட ஓனரின் போன்தான் வேண்டும் என்பதில்லை. எந்த யு.பி.ஐ. ஆப்பிலும் ஃபாஸ்டேக் பகுதிக்குப் போய், டேக் கொடுத்த வங்கியைத் தேர்ந்தெடுத்து, வண்டி நம்பரைப் போட்டால் யார் வேண்டுமானாலும் பணம் போடலாம். டிரைவர் போடலாம், கிளீனர் போடலாம், மதுரையில் இருக்கும் மச்சான் போடலாம். டேக் எந்த வங்கி என்பதை ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள். டிரைவருக்குத் தெரியாமல் போகும் முதல் விஷயம் அதுதான்.

இரண்டாவது, கடைசி நிமிஷத்தில் பணம் போடாதீர்கள். தேசியமோ மாநிலமோ, லோடு ஏற்றும்போதே அடுத்த இரண்டு நாளைக்கான தொகை கணக்கில் இருக்கட்டும். டீசலுக்கு அப்படித்தானே செய்கிறோம்?

மூன்றாவது, ஒட்டும் இடம். கண்ணாடியின் உள்பக்கம், மேலே நடுவில், தூசி துடைத்துவிட்டு. ரேடியோ அலைக்கு உலோகம் ஆகாது. தகர விசர், இரும்புக் கம்பி வலை, பளபள ஸ்டிக்கர் இவற்றுக்குப் பின்னால் டேக்கை ஒளித்துவைத்தால் அது எப்படிப் பேசும்? சாமி படத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் சாமி கோபித்துக்கொள்ளாது. டேக்கைப் பிய்த்து வேறு கண்ணாடியில் ஒட்டினால் ஆன்டெனா அறுந்துபோகும். கையில் வைத்துக் காட்டும் வேலையும் வேண்டாம். அப்படிப்பட்ட டேக்குகளை பிளாக்லிஸ்ட் செய்வோம் என்று 2025 ஜூலையில் அறிவித்துவிட்டார்கள். கண்ணாடி உடைந்து மாற்றினால் வங்கியிடம் மாற்று டேக் கேளுங்கள்.

நான்காவது, புது வண்டியும் பழைய வண்டியும். சேஸிஸ் நம்பரில் டேக் வாங்கியிருந்தால், பதிவு எண் வந்ததும் வங்கியில் மாற்றியாக வேண்டும். 90 நாள் கெடு என்று 2024-ல் விதி வந்தது. பாடி கட்டும் மும்முரத்தில் இது மறந்துபோகும். பழைய வண்டியை விற்றால் அன்றைக்கே உங்கள் டேக் கணக்கை மூடுங்கள். இல்லாவிட்டால் வண்டி அவருக்கு, டோல் உங்களுக்கு.

ஐந்தாவது, உரிமை. இதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். டேக் செல்லுபடியாகிறது, கணக்கில் போதிய பணம் இருக்கிறது, ஆனால் டோல்கேட்டின் கருவிதான் கோளாறு என்றால், கட்டணமே இல்லாமல் விட வேண்டும். பூஜ்யம் ரூபாய் ரசீதும் கொடுக்க வேண்டும். 2018 மே மாதக் கெஜட் அறிவிப்பு அப்படித்தான் சொல்கிறது. அதே சமயம், 'வரிசை 100 மீட்டர் தாண்டினால் டோல் கிடையாது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்பிச் சண்டை போடாதீர்கள். 2021-ல் அப்படி ஒரு வழிகாட்டுதல் வந்தது உண்மை. 2024-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

ஆறாவது, வண்டி பட்டறையில் நிற்கும்போது எங்கோ ஒரு டோலில் பணம் கழிந்ததாக மெசேஜ் வரும். சில்லு கனவில் ஓடியதாக நினைக்க வேண்டாம். டோல்கேட்டில் யாரோ வண்டி நம்பரைக் கையால் தட்டும்போது உங்கள் நம்பரைத் தட்டியிருப்பார்கள். டேக் கொடுத்த வங்கியில் புகார் கொடுங்கள், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் சொல்லுங்கள். இப்படித் தவறாகக் கழிக்கும் டோல் நிறுவனத்துக்கு ஒவ்வொரு தவறுக்கும் அபராதம் போடுவதாக 2025-ல் சொன்னார்கள். புகார் கொடுத்தால்தானே அபராதம்?

இதெல்லாம் நம் பக்கத்து வைத்தியம். வியாதி அவர்கள் பக்கம் இருக்கிறது. நான் கேட்பது மூன்றே மூன்று. வண்டியில் இருப்பவரின் நம்பரையும் இரண்டாவது நம்பராகச் சேர்த்து, பிளாக்லிஸ்ட் ஆவதற்கு முன்பே இரண்டு பேருக்கும் சொல்லுங்கள். டேக்கை நிராகரித்தால் ஏன் என்பதைச் சாலையோரத் திரையில் காட்டுங்கள், தமிழ் உட்பட டிரைவர்கள் படிக்கும் மொழிகளில்: பணமில்லையா, கே.ஒய்.சி. பாக்கியா, கருவி ரிப்பேரா? தெரிந்தால்தானே யாருடைய தப்பு என்று பேச முடியும்! மூன்றாவது, காருக்குக் காட்டிய கருணையை லாரிக்கும் காட்டுங்கள். ஒரு முறை இருப்பு குறைந்தால் விட்டுவிட்டு, அடுத்த ரீசார்ஜில் பிடித்துக்கொள்ளலாம். மளிகைக் கடை அண்ணாச்சி காலம் காலமாகச் செய்வதுதான். இதற்கு புது ராக்கெட் எதுவும் விட வேண்டியதில்லை.

அதுவரை லாரி ஓனர்களுக்கு ஒரு வார்த்தை. டேக் தகராறில் டிரைவர் கட்டிய அதிகப்படித் தொகையை 'டிரைவர் பாக்கி' என்று எழுதாதீர்கள். கணக்குப் பாடத்தில் அதற்கென்றே ஒரு தலைப்பு உண்டு: இதர வியாபாரச் செலவு.