'சரின்னு போட்டுக்கோ கண்ணு!'

ஒரு சின்ன பரீட்சை. பேனா வேண்டாம், மனசுக்குள் பதில் சொன்னால் போதும்.

1. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சரியா, தவறா?

2. உப்பு அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும். சரியா, தவறா?

3. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடக் கூடாது. சரியா, தவறா?

மூன்றுக்கும் 'சரி' என்றிருப்பீர்கள். நூற்றுக்கு நூறு. சபாஷ். இப்போது இரண்டாம் தாள். கடைசியாக ரோட்டோரக் கடையில் பஜ்ஜி சாப்பிட்டபோது சோப்பு எங்கே என்று தேடினீர்களா? நேற்றுத் தயிர் சாதத்துக்கு எத்தனை துண்டு மாவடு? போன தடவை தொண்டை கட்டியபோது மெடிக்கல் ஷாப்பில் என்ன கேட்டு வாங்கினீர்கள்?

பதிலைச் சொல்ல வேண்டாம். முதல் தாளுக்கும் இரண்டாம் தாளுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம்தான் இந்த வார விஷயம்.

பொதுச் சுகாதாரத்தில் கே.ஏ.பி. சர்வே என்று ஒன்று உண்டு. நாலெட்ஜ், ஆட்டிட்யூட், பிராக்டிஸ். அதாவது ஜனங்களுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள், என்ன செய்கிறார்கள். ஐம்பது, அறுபதுகளில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சியில் பிரபலமான சமாசாரம். இன்றைக்கு மருத்துவக் கல்லூரியில், நர்சிங் கல்லூரியில் படிக்கிற மாணவர்களுக்கு ஆபத்பாந்தவன். ஒரு கேள்வித்தாள், ஓ.பி.யில் காத்திருக்கும் ஜனங்கள், சில வாரங்கள். தீசிஸ் தயார்.

இவற்றில் சிலதைத் தொடர்ந்து படித்துப் பாருங்கள், ஒரு விசித்திரம் தென்படும். டெங்கு, சர்க்கரை, பல் தேய்ப்பது என்று தலைப்பு மாறும், கதை மாறாது. அறிவு நன்று, மனப்பான்மை பரவாயில்லை, பழக்கம் மோசம். முடிவுரை: 'மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்.'

கொஞ்சம் நில்லுங்கள். அறிவு நன்றாக இருக்கிறது என்று இரண்டு பக்கம் முன்னால்தானே சொன்னீர்கள்? தெரிந்தும் செய்யாதவனுக்கு, தெரிந்ததையே இன்னொரு தடவை சொன்னால் செய்துவிடுவானா? ஜுரம் இல்லாதவனுக்கு ஜுர மாத்திரை கொடுக்கிற வைத்தியம் இது. பல கே.ஏ.பி. கட்டுரைகளின் மேல் என் முதல் புகார் இதுதான். அவற்றின் முடிவு அவற்றின் அட்டவணைகளிலிருந்து வருவதில்லை.

இரண்டாவது புகார் பாஷை பற்றியது. கேள்வித்தாள் இங்கிலீஷில் பிறந்து தமிழுக்கு வருகிறது. 'வலுவாக ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், நடுநிலை, மறுக்கிறேன், வலுவாக மறுக்கிறேன்.' தமிழ்நாட்டில் யாராவது எதையாவது வலுவாக ஒப்புக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா? திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் பாட்டியிடம் அட்டையும் பேனாவுமாக ஒரு பெண் போய் உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியைப் படிக்கிறாள். பாட்டிக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை படிக்கிறாள். கடைசியில், "சரின்னு போட்டுக்கவா பாட்டி?" என்கிறாள். "போட்டுக்கோ கண்ணு, வெயில்ல வந்திருக்க, மோர் சாப்பிடறியா?" ஒரு 'வலுவாக ஒப்புக்கொள்கிறேன்' கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. பாட்டி பொய் சொல்லவில்லை, வந்தவளை உபசரித்தாள்.

இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. 1950-களில் பஞ்சாபின் லூதியானா மாவட்டத்தில், கன்னா என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு பெரிய குடும்பக் கட்டுப்பாட்டு ஆய்வு நடத்தினார்கள். வீடு வீடாகப் போய்க் கருத்தடை மாத்திரைகளைக் கொடுத்தார்கள். ஜனங்களும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் மாத்திரை கொடுத்த கிராமங்களில் பிறப்பு விகிதம், கொடுக்காத கிராமங்களைவிடப் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பிறகு மஹ்மூத் மம்தானி என்ற இளைஞர் அதே கிராமங்களில் ஒன்றான மானுபூருக்குப் போய் ஜனங்களிடம் சாவகாசமாகப் பேசி, 1972-ல் 'தி மித் ஆஃப் பாப்புலேஷன் கன்ட்ரோல்' என்று ஒரு புத்தகம் எழுதினார். (2025-ல் நியூயார்க் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜோரான் மம்தானியின் அப்பா.) ஒரு வீட்டில் காலி மாத்திரை டப்பாக்களை அடுக்கி அலங்காரப் பொருளாக வைத்திருந்தார்கள். ஏனய்யா வாங்கினீர்கள் என்று கேட்டதற்குக் கிடைத்த பதிலின் சாரம் இது: பாவம், நல்ல மனுஷர்கள், எங்கிருந்தோ வந்திருக்கிறார்கள், காசும் கேட்கவில்லை, இதைக்கூட வாங்காவிட்டால் எப்படி? நம்ம பாட்டியின் மோர்தான், பஞ்சாபி லஸ்ஸியாக.

மம்தானி சொன்னது இவ்வளவே. அந்த விவசாயிகள் அறியாமையில் பிள்ளை பெறவில்லை. நிலத்தில் வேலை செய்யப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். கூலிக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. அவர்கள் போட்ட கணக்கு கேள்வித்தாளில் இல்லை.

மூன்றாவது புகார், கேட்கிற விதம். வட இந்தியாவில் ஐந்து மாநிலக் கிராமங்களில் 2014-ல் வெளியான ஒரு சர்வே, ஒழுங்காக இயங்கும் கழிப்பறை உள்ள வீடுகளிலேயே 40 சதவீதத்தில், குறைந்தது ஒருவராவது வெளியேதான் போகிறார் என்று கண்டது. பிறகு அதே வட்டார ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். சில வீடுகளில், 'உங்கள் வீட்டில் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறீர்கள்?' என்று மொத்தமாகக் கேட்டார்கள். மற்ற வீடுகளில், தாத்தா எங்கே போவார், மருமகள் எங்கே போவார் என்று ஆள் ஆளாகக் கேட்டார்கள். 2019-ல் முடிவு வெளியானது. ஆள் ஆளாகக் கேட்டபோது வெளியே போகிறவர்களின் கணக்கு சுமார் 20 சதவீதப் புள்ளிகள் கூடிவிட்டது. ஊர் அதே, ஜனங்கள் அதே, கேள்விதான் வேறு. ஒரு வாக்கியத்தின் அமைப்பில் ஐந்தில் ஒருவர் மறைந்துபோக முடியும் என்றால், சதவீதங்களைப் பார்த்து மார்தட்டும் அரசாங்கங்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

நல்ல சர்வேக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியும். தேசியக் குடும்ப நல ஆய்வில் 'கை கழுவுவீர்களா?' என்று கேட்டுவிட்டு நகர்வதில்லை. எங்கே கழுவுவீர்கள், காட்டுங்கள் என்று போய்ப் பார்க்கிறார்கள். தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா? உப்பு விஷயத்தில் சிறுநீரைச் சோதிக்கிறார்கள். 2017-18-ல் நடந்த தேசிய ஆய்வில் நம் சராசரி நாளைக்கு 8 கிராம் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே. நாக்கு எதை வேண்டுமானாலும் சொல்லும், சிறுநீரகத்துக்கு உபசாரம் தெரியாது.

சரி, தெரிந்தும் ஏன் செய்வதில்லை? மூன்று உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, புகையிலை. 2016-17 தேசிய ஆய்வில், புகைத்தால் கடும் வியாதி வரும் என்று தெரிந்தவர்கள் 92 சதவீதம். ஆனாலும் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். 2009-10-ல் இது 34.6 ஆக இருந்தது. அப்போதும் பத்தில் ஒன்பது பேருக்குக் கெடுதல் தெரிந்தே இருந்தது. எனவே இறங்கிய 6 புள்ளிகளுக்கு 'விழிப்புணர்வு' மட்டும் மாலை போட்டுக்கொள்ள முடியாது. விலை, வரி, பொது இடத் தடை எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டு, குடும்பக் கட்டுப்பாடு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நவீன முறை ஒன்றையாவது அறிந்தவர்கள் 99 சதவீதத்துக்கு மேல், ஆணும் பெண்ணும். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்? மனைவி தரப்பில் 37.9 சதவீதம், கணவர் தரப்பில் 0.3. கருத்தடை பெண்கள் சமாசாரம், நமக்கென்ன என்று ஒப்புக்கொண்ட ஆண்கள் 35 சதவீதம். இந்த 0.3-ஐ அறியாமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சௌகரியம்.

மூன்றாவது, டாக்டர்கள். ஜிஷ்ணு தாஸ், ஜெஃப்ரி ஹாமர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் டெல்லியில் டாக்டர்களுக்கு முதலில் பரீட்சை வைத்தார்கள். இப்படி ஒரு நோயாளி வந்தால் என்னென்ன கேட்பீர்கள், என்னென்ன பார்ப்பீர்கள் என்று. பிறகு கிளினிக்கில் உட்கார்ந்து நிஜத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். பரீட்சையில் சொன்னதைவிட நிஜத்தில் செய்தது குறைவு. எம்.பி.பி.எஸ். படித்தவருக்கும் தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவே பள்ளம் இருக்கிறது என்றால், நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாளை மட்டும் 'விழிப்புணர்வு இல்லாதவர்' என்று எழுதுவது என்ன நியாயம்?

இங்கேதான் விஷயம் சீரியஸாகிறது. சர்வேயின் கடைசி வரியைத்தான் அதிகாரிகள் படிக்கிறார்கள். அதில் 'அறியாமை' என்று இருந்தால் பணம் பேனருக்கும் பேரணிக்கும் தெருமுனை நாடகத்துக்கும் போகும். 'தூரம்' என்று இருந்தால் மாத்திரைக்குப் போகும்.

2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான் என்று வந்தது. சர்க்கரையில் 10.8. வழக்கமான முடிவுரை எழுதியிருந்தால் ஊரெங்கும் இன்னொரு போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். 2021 ஆகஸ்ட்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' வேறு மாதிரி யோசித்தது. மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து, வரிசையில் நிற்க வேண்டியிருப்பதுதான் சிக்கல் என்றால் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோ. திட்டம் எங்கெங்கே சரியாக நடக்கிறது, எங்கே நடக்கவில்லை என்பது தனிக் கணக்கு. ஆனால் நோயாளியை மக்கு மாணவனாக நினைக்காமல், நேரமும் காசும் இல்லாத மனுஷனாக நினைத்ததே பெரிய விஷயம்.

சர்வேயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாத விஷயங்கள் உண்டு. பாம்பு கடித்த இடத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டக் கூடாது என்பது இன்னும் நிறையப் பேருக்குத் தெரியாது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், தினமும் சொல்லலாம். எது தெரியாமை, எது முடியாமை, எது மனசில்லாமை என்று பிரித்துச் சொல்கிற சர்வே தங்கம். மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி 'விழிப்புணர்வு' என்று லேபிள் ஒட்டுவது சோம்பேறித்தனம்.

அடுத்த தடவை பேப்பரில் 'ஜனங்களில் இத்தனை சதவீதம் பேருக்கு ஆரோக்கிய விழிப்புணர்வு இல்லை' என்று செய்தி வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள். பார்த்து எழுதினார்களா, கேட்டு எழுதினார்களா? எந்த வார்த்தையில் கேட்டார்கள்? செய்யாததற்கு என்ன காரணம் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல விட்டார்களா, இல்லை கட்டம் போட்டு டிக் அடித்தார்களா?

உங்கள் வீட்டுக்கே அட்டையும் பேனாவுமாக யாராவது வந்தால் மோர் கொடுங்கள், தப்பில்லை. பதிலை மட்டும் உபசாரத்துக்காகச் சொல்லாதீர்கள். ஊறுகாய்க் கணக்கு உட்பட.