அளவுகோலும் அகநிலையும்

முழம் போட்டுத் துணி அளக்கும் இருவருக்குக் கை நீளம் ஒன்றாயிராவிடின், பத்து முழம் என்னும் எண் ஒன்றாயிருந்தும் துணி ஒன்றாயிராது. புறப்பொருளை அளப்பதிலேயே இவ்விடர்ப்பாடு உளதெனின், துயரம், அச்சம், மனச்சோர்வு முதலிய அகநிலைகளை வினாக்கொத்துக் கொண்டு அளப்பதில் அது பன்மடங்காதல் வெள்ளிடைமலை. அங்கு விடையளிக்கும் ஒவ்வொருவரும் தத்தம் கையாலேயே முழம் போடுகின்றனர். அவ்வாறு பெற்ற எண்களைக் கூட்டி, ஒரு குழுவினர் மற்றொரு குழுவினரினும் மிகுதியாகத் துயருறுகின்றனர் எனத் துணிவது எவ்வளவு பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் வாழ்ந்தோர் பலர் கடல்வழியே கற்பிட்டிக் கரையை அடைந்து, புத்தளத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கினர். 2009இல் போர் ஓய்ந்த பின்னர் ஒரு சாரார் மீண்டனர். ஒரு சாரார் அங்கேயே நின்றனர். எஞ்ஞான்றும் ஊர் நீங்காதாரும் உளர். இந்து, கத்தோலிக்கர், முஸ்லிம் எனச் சமயத்தால் வேறுபட்ட இவர்கள் பேசுவது ஒரே தமிழ். ஆயினும் மொழி ஒன்றாதலால் அளவும் ஒன்றாகும் என்பது பெறப்படாது.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009இல் 1,500க்கு மேற்பட்ட குடும்பங்களில் நடத்தப்பெற்று 2011இல் வெளிவந்த ஆய்வு, போர்வடு நோய்க்குறிகள் நூற்றுக்கு 7.0 பேரிடமும், மனச்சோர்வுக் குறிகள் 22.2 பேரிடமும் காணப்பட்டன என்றது. புத்தளத்தில் இடம்பெயர்ந்த முஸ்லிம்கள் 450 பேரை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வோ, போர்வடு நோயை 2.4 எனவும் கடும் மனச்சோர்வு நோயை 5.1 எனவும் கண்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, புத்தளத்தார் நலம் பெற்றுவிட்டனர் என ஒருவர் முடிவு கூறலாம். அம்முடிவு எளிது, ஆயினும் தவறானது. முன்னதிற் கையாளப்பட்டவை ஹார்வாட் வினாக்கொத்தும் ஹொப்கின்ஸ் பட்டியலும். பின்னதிற் கையாளப்பட்டவை வேறு கருவிகள். காலமும் இடம்பெயர்வின் நீட்சியும் வேறு. கருவி வேறாயின் ஒப்பீடு கூடாதென்பது யாவர்க்கும் உடன்பாடு. கருவி ஒன்றேயாயின் கூடும் என்று கொள்வதே கலாநிதிப் பட்ட ஆய்வுகள் பலவற்றிலும் காணப்படும் மறைவான பிழை.

இப்பிழையைக் களையும் முறையைப் புள்ளிவிபரவியலார் அளவை மாறாமை என வழங்குவர். 1971இல் யோரெஸ்கொக் பல குழுக்களை ஒருங்கே காரணி ஆய்வுக்கு உட்படுத்தும் நெறியை வகுத்தார். 1993இல் மெரெடித் அதன் கோட்பாட்டைத் தெளிவுறுத்தினார். முறை மூன்று படிகளை உடையது. முதலாவது, எவ்வெவ் வினாக்கள் எந்த அகநிலையைச் சாரும் என்னும் அமைப்பு இரு குழுவிலும் ஒத்திருத்தல். இரண்டாவது, அகநிலை ஓரலகு உயரும்போது விடை உயரும் அளவு, அதாவது படித்திறன், ஒத்திருத்தல். மூன்றாவது, ஒரே அளவு துயருடைய இருவர், எக்குழுவினராயினும், ஒரே விடை தருமாறு வெட்டுத்துண்டும் ஒத்திருத்தல். இரண்டாம் படி தேறின் தொடர்புகளை ஒப்பிடலாம். மூன்றாம் படியும் தேறினாலன்றிச் சராசரிகளை ஒப்பிடலாகாது.

மன்னாரில் இஃது எவ்வாறு நிகழும் என்பதை எண்ணுக. உறக்கம் குறைந்ததா என்னும் வினாவுக்கு, இரவிற் கடலிறங்கும் பேசாலைத் தொழிலாளி ஆமென்பான். அது தொழிலின் விளைவு, துயரின் விளைவன்று. பசி குன்றியதா என்று எருக்கலம்பிட்டியில் நோன்பு மாதத்தில் வினவின் விடை திரியும். ஈழத்தவர் வாயில் ஒரே யோசனை என்பது ஓயாக் கவலையைக் குறிக்கும். தமிழகத்தில் மொழிபெயர்த்த வினாத்தாளில் யோசனை என்பது ஆலோசனையாக நிற்பினும் நிற்கும்.

எனினும் இம்முறையும் குறையற்றதன்று. படிகளுக்கிடையே பொருத்தச் சுட்டி 0.01க்கு மேற் குறையலாகாது என்ற 2002ஆம் ஆண்டின் விதி, இன்று ஆராயாது ஓதும் மந்திரமாகிவிட்டது. சில வினாக்களை மட்டும் விலக்கு அளித்துத் தளர்த்தலாம் என 1989இல் பைர்ண் முதலியோர் காட்டிய வழியும், வேண்டிய முடிவை எய்தும் குறுக்குவழியாகக் கையாளப்படுகின்றது. இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஒரு குழுவினர் நாணத்தாலோ அச்சத்தாலோ எல்லா வினாக்களுக்கும் ஒரே அளவு குறைத்து விடையிறுப்பின், வினாக்களைத் தம்முள் ஒப்பிடும் இச்சோதனை அதனைக் காணாது. அக்குழுவினர் துயர் குறைந்தோர் என்றே கூறும்.

அதனாற்றான் மக்களின் சொல்லிலிருந்தே தொடங்குதல் வேண்டும். காயத்திரி பெர்னாண்டோ 2008இல் இலங்கையர் கூற்றுகளைக் கொண்டே உளசமூக நிலைச் சுட்டியொன்றை ஆக்கினார். நுவன் ஜயவிக்ரம முதலியோர் 2012இல், வடகிழக்கு மக்களின் மொழியினின்று எழுந்த வினாக்கொத்து, அன்றாடக் கருமங்களில் நேரும் தளர்ச்சியை மேனாட்டு வினாக்கொத்துகள் காட்டியதற்கு மேலும் விளக்குவதைக் காட்டினர். ஆனால் ஓரிடத்துக்கே உரிய அளவுகோல் பிறிதோரிடத்தோடு ஒப்பிட உதவாது. சொல்லைக் கேட்டலும் எண்ணைச் சோதித்தலும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன.

மருத்துவரும் உளவளத்துணையாளரும் மிகச் சிலராயுள்ள நாட்டில், எவ்வூருக்கு யார் செல்வது என்பதைச் சராசரிகளே தீர்மானிக்கக் கூடும். சோதியாத அளவுகோல் ஒருவனது துயரைப் பெருக்கும். மற்றொருவனது துயரை மறைக்கும். மறைக்கப்பட்டவன் முறையிடவும் மாட்டான். தன் பெயர் எண்ணில் விடுபட்டதை அவன் அறியான். ஆதலின் ஒப்பிடுமுன் அளவுகோலைச் சோதித்தல் ஆய்வாளரின் புலமைக்கு அணி என்பதினும், அளக்கப்படுவோர்க்கு அவர் செலுத்த வேண்டிய கடன் என்பதே பொருத்தமாம்.