பத்தாயிரம் பவுன் மாப்பிள்ளை

ஜார்ஜெட் ஹேயரை நான் வெகு நாள் தொடாமல் இருந்தேன். ரயிலில் படித்து ரயிலிலேயே விட்டுவிடுகிற சரக்கு என்று எண்ணம். ஒரு பிரயாணத்தில் வேறு புத்தகம் கைவசம் இல்லாததால் பிரித்தேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கோட்டைவிடத் தெரிந்தேன்.

1902-ல் பிறந்து 1974-ல் மறைந்த இந்த அம்மையார் 1935-ல் எழுதிய 'ரீஜென்ஸி பக்' ஒரு தனிக் கதை வகைக்கே வழி போட்டது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சித்தப் பிரமை கொண்டதால் அவர் மகன் பிரதிநிதியாக ஆண்ட 1811 முதல் 1820 வரையில்தான் இவ்வகைக் கதைகள் நடக்கின்றன. நடன விருந்து, துணைக்கு வரும் அத்தை, தம்பியின் சூதாட்டக் கடன், முதலில் சண்டை பிடித்துப் பிறகு காதலிக்கும் சீமான்! முடிவு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. இருந்தும் ஏன் படிக்கிறோம்?

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு காரணம் உடனே புலப்படும். அங்கே எதற்கும் ஒரு விதி உண்டு. லண்டனில் ஆல்மாக்ஸ் மண்டபத்தில் நடனமாட, சில சீமாட்டிகள் சேர்ந்த குழு அனுமதிச் சீட்டுத் தர வேண்டும். இருபத்தொரு வயது நிரம்பாதவர்கள் பெற்றோரை மீறி மணக்க, ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி கிரெட்னா கிரீனுக்கு ஓட வேண்டும். கல்யாணமானால் பெண்ணின் ரொக்கம் பொதுவாகக் கணவனுடையது. 1870, 1882-ம் வருஷச் சட்டங்கள் வந்துதான் இந்த நிலை மாறியது. ஆகவே ஒரு பெண் யாரோடு வண்டியில் போனாள் என்பதே அவள் வாழ்வைத் தீர்த்துவிடும். கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் விதிகளுக்கு அடியில் பயம் இருக்கிறது. அந்தக் காலத்திலேயே வாழ்ந்த ஜேன் ஆஸ்டின் அதை மறைக்கவில்லை. 1813-ல் வந்த 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' நாவலில் எலிஸபெத்துக்கு வருஷம் பத்தாயிரம் பவுன் வருமானமுள்ள டார்ஸி கிடைக்கிறான். அவள் சிநேகிதி சார்லட் லூகாஸுக்கு வயது இருபத்தேழு, பணமுமில்லை, அழகுமில்லை. எலிஸபெத் வேண்டாமென்று தள்ளிய அசடு காலின்ஸை அவள் தெரிந்தேதான் கட்டிக்கொள்கிறாள். பிறகு, அவர் அடிக்கடி வந்து உட்காராமல் இருக்கட்டும் என்று, தனக்குப் பின்கட்டு அறையைத் தேர்ந்துகொள்கிறாள்!

ஹேயர் கதைகளில் பெரும்பாலும் இந்த அறை இருப்பதில்லை. பத்தாயிரம் பவுன் மாப்பிள்ளை வந்து பயத்தைத் துடைத்துவிடுகிறான். இதுதான் என் குற்றச்சாட்டாக இருந்தது. 1961-ல் வெளியான 'எ ஸிவில் கான்ட்ராக்ட்' படித்த பிறகு அதைப் பாதி வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அதில் தகப்பன் வைத்த கடனில் சொத்து மூழ்குகிறது. ஆடம், காதலித்த ஜூலியாவை விட்டு, பணக்கார வியாபாரியின் பெண் ஜென்னியை மணக்கிறான். ஜென்னி அழகியல்ல, அவன் மனம் எங்கே இருக்கிறதென்றும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் சௌகரியத்தைக் கவனித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். வாட்டர்லூ யுத்தச் சமயத்தில் துணிந்து பத்திரங்கள் வாங்கி ஆடமும் பணக்காரனாகிறான். ஆனால் அதனால் பழைய காதல் திரும்பிவிடவில்லை. கடைசியில் அவர்களுக்குக் கிடைப்பது பழக்கத்தில் விளைந்த ஓர் அன்பு, அவ்வளவுதான்.

சுகமான கதைகளை இத்தனை வருஷம் எழுதியவருக்குச் சார்லட்டின் அறை எங்கே இருக்கிறதென்று தெரிந்தே இருந்திருக்கிறது. வாசகர்களை அதற்குள் அவர் அடிக்கடி அழைத்துப் போகவில்லை. அதற்காக அவரை நான் இன்று ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க அவகாசம் என்றால், இதை எடுங்கள்.