பங்கு

வகுப்பு முடிந்ததும் மாணவி ஒருத்தி கைப்பேசியை நீட்டினாள். காசிமேட்டில் மீன் விற்கும் பெண் ஒருவர் வாடிக்கையாளரைத் திட்டித் தீர்க்கும் 40 நொடிக் காணொளி. கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். "எங்கம்மா மேடம். அந்த ஆளு பாதி விலைக்குக் கேட்டதை வெட்டிட்டாங்க" என்றாள்.

அந்த வெட்டைத்தான் நாம் வாசிக்க வேண்டும்.

ஞாயிறு விடியலில் காசிமேட்டுக்கு மீன் வாங்க வருவோரோடு கேமராக்களும் வருகின்றன. ஒரே காலையிலிருந்து இரண்டு சரக்கு எடுக்கிறார்கள். நீண்ட காணொளி 8 நிமிடத்தைத் தொட்டால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம்; 2020 ஜூலைக்கு முன் அந்த எல்லை 10 நிமிடம். ஏலமும் பேரமும் மீன் வெட்டுதலும் இழுத்து இழுத்துக் காட்டப்படுவதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. அந்த விளம்பர வருவாயில் 55 சதவீதத்தை யூடியூப் சேனல்காரருக்குத் தருகிறது.

ஷார்ட்ஸின் கணக்கு வேறு. 2023 பிப்ரவரியிலிருந்து, குறுங்காணொளிகளுக்கு இடையே வரும் விளம்பரப் பணம் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, பார்வைக்கேற்பப் பிரிக்கப்படுகிறது. சேனலுக்கு ஒதுங்குவதில் 45 சதவீதமே கைக்கு வரும். ஒரு பார்வைக்குக் கிடைப்பது சொற்பம். லட்சக்கணக்கில் பார்வை வேண்டும். லட்சம் பேரை நிறுத்த வஞ்சிரத்தின் விலை போதாது, ஒரு பெண்ணின் கோபம் வேண்டும். நீண்ட காணொளியில் உழைப்பாளியாக இருந்தவர் குறுங்காணொளியில் 'வாயாடி' ஆகிறார்.

அந்தத் துணுக்கின் பின்னால் உரிமமுள்ள ஒரு சினிமாப் பாட்டை ஒட்டினால், அதற்குரிய வருவாயில் பாதி இசை உரிமைக்கென்று முதலிலேயே போய்விடும். ஒட்டிய பாட்டுக்குப் பங்கு உண்டு. பேசிய வாய்க்கு இல்லை.

"இலவச விளம்பரம்தானே" என்பார்கள். முகம் தெரிந்து சிலருக்கு வியாபாரம் கூடியிருக்கலாம். ஆனால் கேலிப்பொருளாகத் தெரிய அவர் சம்மதித்தாரா? "அவரே சேனல் தொடங்கட்டும்" என்பது அடுத்த பதில். விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர் வேண்டும். அதோடு ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையோ, 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். இருட்டில் எழுந்து ஏலத்துக்கு ஓடி, வெயிலேறும் வரை விற்று, வீட்டுக்குப் போய் உலை வைப்பவருக்கு அந்த நேரத்தை யார் தருவார்கள்?

பங்கு என்ற சொல் காசிமேட்டுக்குப் புதிதல்ல. விசைப்படகு கரை சேர்ந்ததும் செலவு போக மிஞ்சுவதைப் படகுக்காரரும் ஆட்களும் பிரித்துக்கொள்வார்கள். கரையில் விற்கும் பெண் அந்தப் பங்கில் இல்லை. காசு கொடுத்தே மீனை எடுக்கிறார். ஆனாலும் விற்ற மீனுக்கு அவர் கைக்குக் காசு வரும். காணொளியில் போன குரலுக்கு அதுவும் வருவதில்லை.

மகள் அதை அம்மாவிடமும் காட்டியிருக்கிறாள். அவர் கோபப்படவில்லை. "இதுக்கு அவனுக்கு எவ்வளவு வந்துச்சாம்?" என்று கேட்டாராம்.

நம் விமர்சனமும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.