ஒளியும் உருவமும்: கணினிச் சிற்பக்கலை குறித்து ஒரு நோக்கு

இருண்ட பின்புலம்; அதன் நடுவே சிறகு விரித்து நிற்கும் ஒரு டிராகன்; செதில்களின் இடுக்குகளில் செந்தழல்; கண்களில் நீலச்சுடர்; உடலின் விளிம்பெங்கும் மெல்லிய ஒளிக்கோடு. கணினியில் சிற்பம் வடிக்கும் கலைஞர்களின் ஆக்கங்களை நோக்கிவருவோருக்கு இக்காட்சி நன்கு பழகியது. முதற்பார்வையில் அது நம்மை நிறுத்திவிடுகிறது. ஆயினும் சற்று நேரம் நின்று பார்த்தால் ஓர் ஐயம் எழுகிறது: நம்மை நிறுத்தியது உருவமா, ஒளியா? இவ்வினாவை முன்வைத்தே இக்கலையை இங்கு மதிப்பிட முனைகிறோம்.

இக்கலை அற்பமானதன்று. 1999இல் அறிமுகமான ஸீபிரஷ் என்னும் மென்பொருள், களிமண்ணைப் பிசைவது போலவே திரையில் உருவத்தை அழுத்தவும் இழுக்கவும் கீறவும் வழிசெய்தது. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளிலும் 2007இல் சிற்ப வசதி சேர்ந்தது. இன்று பல இலட்சம் நுண்முகங்கள் கொண்ட உருவத்தை ஓர் இளைஞன் தன் வீட்டு மேசையிலேயே வடிக்க முடிகிறது. ஆனால் கருவி எளிதாயிற்று என்பதால் கலை எளிதாகிவிடவில்லை. இல்லாத விலங்கொன்றை வடிப்பவன் இருக்கின்ற விலங்குகளின் எலும்பையும் தசையையும் அறிந்திருக்க வேண்டும். சிறகு தோளில் எங்கே பொருந்துகிறது, அதை அசைக்கும் தசை எங்கிருந்து புறப்படுகிறது, அவ்வுடலின் எடையை எந்தக் கால் தாங்குகிறது என்பவற்றுக்கு அவனிடம் விடை இருக்க வேண்டும். அவ்விடை இல்லாத உருவம், எத்தனை ஆயிரம் செதில்களைச் சுமந்தாலும் உயிர்ப்பற்றே நிற்கும்.

ஒளி இதற்கு அடுத்தபடியாக வருவது. உருவத்தின்மீது ஒளி எவ்வாறு பட்டுத் திரும்பும் எனக் கணக்கிட்டுப் படமாக்குவதையே ரெண்டரிங் என்கின்றனர். இங்கு இருவகை ஒளிகளைப் பிரித்தறிவது நலம். ஒன்று, பொருளின் இயல்பை வெளிப்படுத்தும் ஒளி. நம் தோலில் படும் ஒளி மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவதில்லை. உள்ளே புகுந்து, சிதறி, வேறோர் இடத்தில் வெளிவருகிறது. காதுமடலின் பின்னே விளக்கை வைத்தால் அது செந்நிறமாகத் தோன்றுவது இதனாலேயே. ஹென்ரிக் வான் ஜென்சனும் அவருடைய சகாக்களும் 2001இல் இதைக் கணினிக்கு ஏற்ற எளிய முறையில் வகுத்துத் தந்தனர். அடுத்த ஆண்டு வெளியான 'தி டூ டவர்ஸ்' திரைப்படத்தில் கோல்லம் என்னும் பாத்திரத்தின் தோல் மெழுகாகவோ பிளாஸ்டிக்காகவோ தோன்றாமல் தசையாகவே தோன்றியதற்கு இவ்வகைக் கணிப்பு துணைநின்றது.

மற்றொன்று, படம் முடிந்தபின் மேலே பூசப்படும் ஒளி. 'புளூம்' எனப்படும் இந்த ஒளிர்வின் இயக்கம் எளியது: படத்தின் மிகப் பிரகாசமான பகுதிகளைப் பிரித்தெடுத்து, மங்கலாக்கி, மீண்டும் படத்தின்மேல் சேர்த்துவிடுவது. காமிராவின் வில்லையிலும் நம் விழியிலும் வலுத்த ஒளி சிதறிப் பரவும் குறையை அது போலிசெய்கிறது. உருவத்துக்கு அது எதையும் தருவதில்லை; அருகிலுள்ள கல்லின்மீதும் அதனால் ஒளி விழுவதில்லை. 2024இல் வெளியான பிளெண்டர் 4.2 பதிப்பில், ஈவீ என்னும் ரெண்டரிங் பொறியின் அமைப்புகளிலிருந்து இவ்வசதி நீக்கப்பட்டு, படத்தொகுப்புக் கட்டத்தின் பணியாக விடப்பட்டது. தொழில்நுட்பக் காரணங்கள் எவையாயினும், அதன் உரிய இடம் அதுவே என நாம் கருதுகிறோம்.

ஒளியைப் பற்றிப் பேசுகையில் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதமை நினையாதிருக்க இயலாது. பொருள்களிலிருந்து வரும் ஒளியே கண்ணில் பட்டுப் பார்வையை விளைவிக்கிறது என 11ஆம் நூற்றாண்டிலேயே நிறுவிய அவர், வலுத்த ஒளி மெலிந்த ஒளியை மறைத்துவிடுவதையும் ஆராய்ந்தார். பகலில் விண்மீன்கள் தென்படாததே இதற்குச் சான்று. காட்டுவது ஒளி; மறைப்பதும் ஒளி. கணினிச் சிற்பிகள் சுவரில் எழுதிவைக்கத் தக்க பாடம் இது.

எடுத்துக்காட்டுகளுக்கு வருவோம். 2006இல் வெளியான 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' தொடரின் இரண்டாம் படத்தில் வரும் டேவி ஜோன்ஸ், ஆக்டோபஸின் கைகளைத் தாடியாகக் கொண்டவன். கண்கள் உட்பட அம்முகம் முழுவதும் கணினியில் உருவானது. எனினும் பார்த்தவர்களில் பலர் அதை ஒப்பனை என்றே எண்ணினர். அம்முகத்தில் தழலும் சுடரும் இல்லை; ஈரத்தின் மினுமினுப்பு மட்டுமே உண்டு. பில் நை என்னும் நடிகரின் புருவ அசைவு அதில் சிதையாமல் தெரிகிறது. 2009இன் 'அவதார்' படத்திலோ ஒளிர்வு தாராளமாகவே உண்டு. ஆயினும் நாவி மக்களின் முகத்திலுள்ள ஒளிப்புள்ளிகள் முக அமைப்பைத் தழுவியே செல்கின்றன. இருளில் முகத்தைப் படிக்க அவை உதவுகின்றன. பின்வந்தோர் பலர் அவ்வொளியை எடுத்துக்கொண்டனர். அதன் ஒழுங்கை விட்டுவிட்டனர்.

2012இல் ஆங் லீ இயக்கிய 'லைஃப் ஆஃப் பை' இன்னும் தெளிவான சான்று. புதுச்சேரிச் சிறுவனின் கதை அது. நடுக்கடல் இரவில் நீர் ஒளிர, திமிங்கிலம் ஒன்று மேலெழும் காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே ஒளி அசைவின் விளைவு. கடல்நுண்ணுயிர்கள் அலைக்கழிக்கப்படும்போது ஒளிர்வது இயற்கை. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் மக்கள் அதை நேரிலேயே கண்டனர். கற்பனை மிகையாயினும் காரணம் மெய்யாக இருப்பதால் அக்காட்சி நம்மை ஏமாற்றுவதில்லை.

காரணம் என்ற சொல் நம்மை அல்கஸ்வீனியிடம் இட்டுச்செல்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவரது 'அஜாயிபுல் மக்லூகாத்' விந்தைப் படைப்புகளின் பெருந்தொகை. அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1280இல் வாஸித் நகரில் படியெடுக்கப்பட்ட ஓவியப் பிரதி இன்று மியூனிக்கில் உள்ளது. ஒன்றின் காரணத்தை அறிய இயலாதபோது மனிதனுக்கு நேரும் திகைப்பே வியப்பு என அவர் விளக்குகிறார். அதற்கு அவர் காட்டும் சான்று தேன்கூடு. கொம்பும் தழலும் கொண்ட விலங்கை அவர் தேடிப்போகவில்லை. பழக்கத்தால் மழுங்கிய கண்ணைக் கூர்மையாக்குவதே அவர் நோக்கம். ஒளிர்வை வாரியிறைக்கும் ஆக்கங்கள் இதற்கு நேர்மாறாகக் கண்ணை மேலும் மழுங்கச் செய்கின்றன.

உருவம் வடிப்பது நம்மிடையே வெறும் அழகியல் வினாவாக நின்றுவிடுவதில்லை. மாலிக்கீ அறிஞர்கள் பலர் நிழல் விழும் உருவத்துக்கும் நிழல் விழாத ஓவியத்துக்கும் வேறுபாடு கண்டனர். இமாம் நவவி அவ்வேறுபாட்டை ஏற்கவில்லை. கணினிச் சிற்பம் இவ்விவாதத்தைப் புதிய இடத்தில் நிறுத்துகிறது. அதற்குக் கனம் இல்லை, நிழல் உண்டு. ஆனால் அந்நிழலும் கணக்கீடே. அதே கோப்பை முப்பரிமாண அச்சுப்பொறிக்கு அனுப்பினால் நிழல் மேசைமீது விழுகிறது. தீர்ப்புரைப்பது நம் பணியன்று. இத்துறையில் நுழையும் நம் இளைஞர்கள் பெருகிவரும் இன்று, கருவியின் இயல்பை அறிந்த ஃபிக்ஹ் ஆய்வு நமக்குத் தேவை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியையும் கடலையும் உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு அளித்தது. இரு வாரங்களுக்குள் அப்படம் ஆஸ்கர் விருது பெற்றது. அரங்கினுள் விருது வழங்கப்பட்டபோது, வெளியே காட்சி விளைவுக் கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்து நின்றனர். மேடையில் அந்நெருக்கடியைக் குறிப்பிடத் தொடங்கியவரின் பேச்சும் இடையில் துண்டிக்கப்பட்டது. திரையின் ஒளி மறைப்பவற்றுள் உழைத்தவரின் முகமும் அடங்கும்.

ஆகவே, ஒளிர்வை விலக்குக என்பது நம் வாதமன்று. அது உருவத்திலிருந்தோ அசைவிலிருந்தோ காரணம் பெற்று வரட்டும் என்கிறோம். தம் ஆக்கத்தை முதலில் சாம்பல் நிறக் களிமண்ணாக, ஒற்றை விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள் என்பதே இளங்கலைஞர்களுக்கு நாம் கூற விரும்புவது. அந்நிலையிலும் நம் பார்வையைப் பிடித்து நிறுத்துமாயின், அது சிற்பம். அதன்பின் விளக்கை ஏற்றலாம்.